மறு: கிராஃப்ட், ஃப்ளாப் இரண்டுக்கும் தமிழ் – திங்கட்கிழமைக்குள் வேண்டும்

ம. எழுதியது:

வணக்கம். தீக்காய ஆய்வு ஒன்றின் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் முடித்தாக வேண்டும், திங்கட்கிழமை நெறிமுறைக் குழுவுக்குப் போகிறது. ஆய்வு எளியதுதான். ஆழமான தீக்காயத்தில் வைப்பதற்குத் தொடையிலிருந்து மெல்லிசாகத் தோலைச் சீவி எடுக்கிறார்கள், அப்படி எடுத்த தொடைப் புண்ணை இரண்டு வகைக் கட்டுகளில் எது சீக்கிரம் ஆற்றுகிறது என்று பார்க்கிறார்கள். இப்படி எடுத்து வைக்கிற தோல்தான் கிராஃப்ட், அதற்கு 'தோல் ஒட்டு' என்று எழுதினேன். சரிபார்ப்பதற்காக அதைத் திரும்ப ஆங்கிலமாக்கியவர் 'ஸ்டிக்கர்' என்று அனுப்பியிருக்கிறார்!

அப்புறம், எலும்போ தசைநாணோ வெளியே தெரிகிற காயம் உள்ளவர்களை ஆய்வில் சேர்ப்பதில்லை. வெறும் எலும்பின் மேல் கிராஃப்ட் பிடிக்காது, ஃப்ளாப் வேண்டும், அதாவது தனக்கான ரத்தக்குழாயோடு வரும் தோலும் கொழுப்பும். இரண்டையும் ஒட்டு என்று போட்டால் படிவமே தப்பாகிவிடும். யாருக்கு எந்தக் கட்டு என்று குலுக்கல் மாதிரி பிரிக்கிற ரேண்டமைசேஷன் பற்றி நான் கேட்கவில்லை. போன மாதம் 'குலுக்கலா சமவாய்ப்பா' என்று அடித்துக்கொண்டது போதும்.

நா. எழுதியது:

ஃப்ளாப்புக்கு 'மடல்', ஐயமே இல்லை. காதுமடல், தாழைமடல் எல்லாம் ஒரு பக்கம் பற்றிக்கொண்டு மறுபக்கம் விரிபவை. மடி, மடங்கு, மடக்கு, மடல் எல்லாம் ஒரு வேர் என்பது என் துணிபு. பண்டை மருத்துவர் சுசுருதர் மூக்கறுபட்டவருக்கு மூக்கின் அளவில் ஓர் இலையை நறுக்கி, அந்த அளவுக்குக் கன்னத்துச் சதையை ஒருபுறம் ஒட்டியிருக்கவே அறுத்தெடுக்கச் சொல்கிறார். இலையும் மடலும் தொலைவு இல்லை. பனைமடலில் குதிரை செய்து ஏறி ஊர்நடுவே வந்து பெண் கேட்ட சங்கத் தலைவன் வரைக்கும் இதைக் கொண்டுபோகலாம், தனி இழையில் எழுதுகிறேன்.

கிராஃப்டுக்கு 'ஒட்டு' கூடாது. ஒட்டு என்றால் பந்தயம், சூள். இலக்கணத்தில் முன்னொட்டு, பின்னொட்டு. 'தோல் நடுகை' என்க.

செ. எழுதியது:

ஐயா, நான் செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறவள். 'நடுகை' என்று வார்டில் சொன்னால் நாற்று நடப் போகிறோம் என்று நினைப்பார்கள். 'பிளாஸ்டிக் சர்ஜரி' என்றதும் பிளாஸ்டிக்கை வைத்துத் தைப்பார்களோ என்று பயந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், சரி என்று பலகையில் 'ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை' என்று இருப்பதைக் காட்டினால், 'யாரோட உறுப்பு?' என்கிறார்கள்.

அவர்கள் பேச்சில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. 'தோல் வச்சாங்களே, பிடிச்சிருச்சா சிஸ்டர்?' வைத்த முதல் இரண்டு நாள் அந்தத் தோலுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, அடியில் ஊறும் நீரை உறிஞ்சியே உயிரோடு இருக்கும், பிறகுதான் ரத்தக்குழாய்கள் வந்து சேரும், அதுவரை அசைக்காதீர்கள் என்று ஒரு அம்மாவிடம் சொன்னேன். 'வேர் விடுற மாதிரி' என்றார். ஒட்டுமாவைத் தெரியாத வீடு இல்லை. ஒட்டுச்செடி மாதிரி 'ஒட்டுத்தோல்' என்று மாற்றிப் போடுங்கள் ம., ஸ்டிக்கர் போய்விடும்.

நா. எழுதியது:

'ஒட்டுத்தோல்' என்றால் பெயர், 'ஒட்டுதோல்' என்றால் வினைத்தொகை, ஒட்டிய ஒட்டுகின்ற ஒட்டும் தோல். எது என்று முடிவு செய்யாமல் ஒற்றுப் போட வேண்டாம்.

இ. எழுதியது:

தோட்டக்கலையில் முப்பது வருடம் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், ஃப்ளாப் என்பது 'பதியம்'. மல்லிகைக் கிளையை வளைத்து மண்ணில் பதிக்கிறோம், அது தாய்ச்செடியில் குடித்துக்கொண்டே இங்கே வேர் விடுகிறது, விட்ட பிறகு வெட்டிப் பிரிக்கிறோம். பூனாவில் மூக்கு வைத்த கதையைப் பாருங்கள். ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி, 1792 போரில் திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கறுபட்டவர். நெற்றித் தோலைத் திருப்பி அவருக்கு மூக்கு செய்தார்கள். 1794இல் லண்டன் பத்திரிகையில் வந்த அந்தக் குறிப்பில், நெற்றியோடு இருந்த இணைப்பை ஏறக்குறைய 25ஆம் நாள் அறுப்பார்கள் என்று இருக்கிறது. பதியம் இல்லாமல் வேறென்ன? மடல் என்றால் நம் குழுவில் கடிதம். 'மடல் அழுகிவிட்டது' என்று யாராவது எழுதினால் நான் என் கணினியைப் பார்ப்பேன்.

வே. எழுதியது:

அறுவை மருத்துவன் என்ற முறையில், பதியம் ரொம்பப் பிடித்திருக்கிறது, ஆனால் பாதிக்குத்தான் பொருந்தும். இன்று பல ஃப்ளாப்புகளைத் தொடையிலிருந்து முழுசாக வெட்டி எடுத்து, காலில் வைத்து, ஓரிரு மில்லிமீட்டர் ரத்தக்குழாயை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைக்கிறோம். அங்கே தாய்ச்செடி ஏது? நா. ஐயாவின் ஒருபுறம் பற்றிய மடலும் அதில் கிடையாது. தவிர, பழைய முறை மா ஒட்டில் கிளை தாய்மரத்திலேயே இருக்க, கன்றைத்தான் பக்கத்தில் கொண்டுபோய்க் கட்டுவார்கள் இல்லையா? அப்போது ஒட்டே ஃப்ளாப் ஆகிவிடுகிறதே இ. அண்ணா.

நாங்கள் ஃப்ளாப் என்றே சொல்கிறோம், நோயாளிகளும் நாலாம் நாள் 'ஃப்ளாப் நல்லாருக்கா சார்' என்கிறார்கள். படம் ஃப்ளாப் ஆன மாதிரி இருக்கிறதே என்று ஒருவர் மட்டும் வருத்தப்பட்டார்.

இ. எழுதியது:

அது நெருக்கு ஒட்டு. இப்போது யாரும் அதிகம் செய்வதில்லை. கணக்கில் எடுக்காதீர்கள்.

ம. எழுதியது:

நன்றி எல்லாருக்கும். ஒட்டுத்தோல், ஒற்றோடு, ஐந்து பேர் ஆதரவு. இருவர் களைத்துப்போய் ஆதரித்ததாகச் சொன்னார்கள், எண்ணிக்கொண்டேன். 'கொடைத்தளம்' என்று ஒருவர் தனிமடலில் தந்ததை எடுக்கவில்லை, 'தொடையில் தோல் எடுத்த இடம்' என்றே எழுதிவிட்டேன். தொடையும் கொடையும் எதுகையாக இருப்பது தெரியும், சொல்ல வேண்டாம்.

ஃப்ளாப் சங்கதி வேறு மாதிரி முடிந்தது. யாரைச் சேர்க்கக் கூடாது என்ற முழுப் பட்டியல் மருத்துவர்களுக்கு மட்டும்தானாம். நோயாளியின் தாளில் 'எலும்பு தெரியும் அளவுக்குக் காயம் இருந்தால் இந்த ஆய்வில் சேர முடியாது' என்ற வரி போதும் என்றார் ஆய்வு மருத்துவர். எனவே சொல்லே தேவைப்படவில்லை. படிவம் போய்விட்டது.

நா. எழுதியது:

படிவத்துக்குத் தேவைப்படாதது மொழிக்கும் வேண்டாமா அம்மா? மடல் என்றே என் குறிப்பில் பதிவு செய்கிறேன்.

இ. எழுதியது:

'பதிவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அது எந்த வேர், ஐயா?