யூரியா இறங்கியது, அப்பா தெளியவில்லை

அப்பாவுக்கு நான்கு வருடமாக வாரம் மூன்று டயாலிசிஸ். ஒரு நாள் காலையில் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லத் தெரியவில்லை. அப்புறம் பேச்சு குழறியது, நடை தள்ளாடியது. கதவு சாத்தும் சத்தத்துக்கே கை கால் தூக்கிப் போட்டது. "யூரியா ஏறியிருக்கும்" என்றார்கள். யூரியா ஏறினாலும் இந்தக் குழப்பமும் தூக்கிப் போடுவதும் வரும்தான், அதனால் நாங்களும் நம்பினோம். டயாலிசிஸைக் கூட்டினார்கள். யூரியா இறங்கியது, அப்பா தெளியவில்லை. அப்போதே நாங்கள் "வேறு என்னவாக இருக்கும்?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்க ஆறு வாரம் ஆனது.

மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனையும் குழப்பியது. யூரியாவால் வரும் டிரைஃபேசிக் (மூன்று கட்ட) அலைகளும், மூளையை வேகமாக அழிக்கும் க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயின் கூர் அலைகளும் பார்க்க ஒரே சாயலில் இருக்குமாம். பிறகு பார்த்த நியூராலஜிஸ்ட் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி சிறுநீரக நோயாளிக்கு ஆகாதே என்று பயந்தோம். க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோயைக் காட்டும் டிஃப்யூஷன் என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்துக்கு அந்த ஊசியே தேவையில்லை என்றார். மூளையின் மேல்மடிப்புகளில் ரிப்பன் ஒட்டியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தது. அது அந்த நோயின் அடையாளம். முதுகுத் தண்டுநீரில் அந்த நோய்க்காகச் செய்த ஆர்டி-குயிக் சோதனையும் அதையே சொன்னது. வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு வரும் நோய், குணப்படுத்த மருந்து இல்லை. இரண்டு மாதத்தில் போய்விட்டார். முன்பே தெரிந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் பேச்சு இருந்த அந்த நாட்களில் அவரை மெஷினோடு கட்டிப் போட்டிருக்க மாட்டோம்.

பதில்:

படித்ததும் மனசு கனத்துவிட்டது. என் அம்மாவுக்கும் தொடக்கம் இதேதான்: டயாலிசிஸ், குழப்பம், தள்ளாட்டம். வாந்தியால் ஒரு மாதமாகச் சரியான சாப்பாடு இல்லை. டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் ஒருவர்தான் அம்மாவின் விழி பக்கவாட்டில் முழுதாகத் திரும்பாததைக் கவனித்தார். வெர்னிக்கி என்செஃபலோபதி, அதாவது வைட்டமின் பி1 (தயமின்) குறைவால் வரும் மூளைப் பாதிப்பு என்றார்கள். அந்த வைட்டமின் நீரில் கரையும், டயாலிசிஸிலும் வெளியேறிவிடும். குழப்பம், கண், நடை மூன்றும் ஒன்றாகத் தெரிவது சிலருக்குத்தான் என்பதால் பலருக்கு இது தவறிப்போகிறது. பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல், குளுக்கோஸ் ஏற்றுவதற்கும் முன்னால், ரத்த நாளத்தில் தயமின் ஊசி போட்டார்கள். இரண்டாம் நாள் விழி திரும்பியது. நடை தேறப் பல மாதம் ஆனது. புது விஷயங்களை இன்னும் மறக்கிறார்.

வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால், கடைசி ஒரு மாதம் என்ன சாப்பிட்டார், எத்தனை முறை வாந்தி எடுத்தார் என்று எழுதிக்கொண்டு போங்கள். எங்களிடம் அதை யாரும் கேட்கவே மூன்று நாள் ஆனது.