குளிர்கால விடியலில் இரண்டு குன்றுகள்: என்ன உடுத்துவது?

வணக்கம் நண்பர்களே. வரும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சின்னக் குன்றுகளில் ஏறி இறங்கலாம் என்று இருக்கிறோம். கூட அப்பாவும் வருகிறார். அறுபதைத் தாண்டியவர், ஏற்றத்தில் என்னை முந்திவிடுவார், இறக்கத்தில்தான் முழங்கால் முரண்டு பிடிக்கும்.

என் குழப்பம் உடையில். முதல் குன்றில் ஏறும்போதே முதுகு நனைந்துவிடும். அதே ஈரத்தோடு இடையிலுள்ள பள்ளத்தில் இறங்கினால் உடம்பு வெடவெடக்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் கனமான குளிர்காற்று தாழ்வில் போய்த் தேங்கிவிடுவதால், சில நாள் உச்சியைவிடப் பள்ளம்தான் அதிகம் சில்லிடும். பருத்தி பனியன் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் உள்ளே பாலியெஸ்டர் என்று முடிவு செய்துவிட்டேன். அதற்கு மேல் கம்பளி ஸ்வெட்டரா, காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட்டா? இரண்டும் வேண்டாம் என்கிறார் அப்பா, பையைத் தூக்கப்போவது நான்தான் என்றாலும்!

இன்னொன்று. பனியில் நனைந்த புல்லும் வழுக்குப் பாறையுமான இறக்கத்தில் ஊன்றுகோல் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா? இறங்கும்போது அதன் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள், எவ்வளவு? முழங்கால் வலியோடு நடந்து பழகியவர்கள் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும். வெயில் ஏறிய பிறகு கிளம்புவதே மேல் என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள்.