அம்மாவின் கைக்கு எந்தத் துப்பாக்கி?

குழு: தோட்டத்துச் சொந்தங்கள்

*நான், இரவு 8:41*
துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப் போடலாம் என்று இருக்கிறேன். 2024இல் பல்லடம் பக்கம் கொலை, 2025இல் சிவகிரி பக்கம் கொலை. இரண்டும் நம்மைப் போலத் தோட்டத்துச் சாளையில் தனியாக இருந்தவர்களுக்கு நடந்தது. எனக்கு வாரத்தில் மூன்று ராத்திரி மில் ஷிப்டு, அம்மா தனியாகப் படுக்கிறார்கள். மாமா, எந்த போர் (bore, அதாவது குழல் துளையின் அளவு) வாங்குவது என்று சொல்லுங்க.

*கார்த்தி டல்லாஸ், 8:52*
அண்ணா, 9 எம்எம் வாங்குங்க. இங்கே சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் அதுதான். 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ ஆட்கள் இரண்டு பேர் செத்தார்கள். 9 எம்எம் குண்டு ஆழமாகப் போகவில்லை என்று முதலில் 10 எம்எம்முக்குப் போனார்கள், அப்புறம் பாயின்ட் 40, அதாவது 0.40 அங்குலம். கடைசியில் 2015 வாக்கில் திரும்ப 9 எம்எம்முக்கே வந்துவிட்டார்கள். குண்டின் வடிவம் மேம்பட்டுவிட்டது, சுடும்போது கை உதறலும் குறைவு, குறியும் நன்றாக விழுகிறது என்பதுதான் காரணம்.

*மாமா அவிநாசி, 9:03*
கார்த்தி சொல்வது அவன் ஊருக்குச் சரி. இங்கே 9 எம்எம் நமக்குக் கிடையாது சாமி. ராணுவத் தோட்டா ஏறுகிற 9 எம்எம், பாயின்ட் 455 எல்லாம் தடை செய்த போர். அதனால்தான் ஊரில் லைசென்ஸ் கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் பாயின்ட் 32.

*கார்த்தி டல்லாஸ், 9:05*
பாயின்ட் 32 ரொம்பச் சின்னதுங்களே மாமா! டெக்சாஸில் 2021லிருந்து கையில் எடுத்துப் போக பெர்மிட்டே தேவையில்லை, அங்கே இப்படியா?

*மாமா அவிநாசி, 9:19*
சின்னதுதான், மறைக்கவில்லை. பிஸ்டலில் போடும் பாயின்ட் 32 குண்டு 4.6 கிராம் இருக்கும். 9 எம்எம் குண்டு 8 கிராம் பக்கம், வேகமும் கூட. ஆற்றலைக் கணக்குப் போட்டால் அதில் பாதி கூட இதற்கு வராது.

ஆனால் இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்து, 9 எம்எம் பிஸ்டல் சொல்லிக் கொடுத்தவன் நான். பத்து மீட்டரில் ஆள் உயர அட்டையைத் தவறவிட்ட பையன்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன், அதுவும் பகல் வெளிச்சத்தில், யாரும் துரத்தாமல். படாத 9 எம்எம்மைவிட பட்ட பாயின்ட் 32 மேல். கைத்துப்பாக்கிக் குண்டு எதுவாக இருந்தாலும் பட்டவுடன் ஆள் பறந்து போய் விழ மாட்டான். முக்கியமான இடத்தில் பட வேண்டும், போதுமான ஆழம் போக வேண்டும்.

இன்னொன்று, பாயின்ட் 32 என்று கடையில் இரண்டு தோட்டா இருக்கும். தோட்டா உருளை சுழலும் ரிவால்வருக்கு நீளமானது, விளிம்பு வைத்தது. பிஸ்டலுக்குக் குட்டையானது. மாற்றிப் போடக் கூடாது.

*நான், 9:22*
ரிவால்வரா பிஸ்டலா மாமா?

*மாமா அவிநாசி, 9:30*
பழக்கம் இல்லாத கைக்கு ரிவால்வர். ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் மறுபடி டிரிக்கரை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டல் சிக்கினால் மேல் தகட்டைப் பின்னால் இழுத்துச் சரி செய்ய வேண்டும், தூக்கக் கலக்கத்தில் அது வராது. கான்பூரில் செய்யும் நிர்பீக் ரிவால்வர் 2014இல் வந்தது, பெண்களுக்கு என்றே விற்றார்கள். அரைக் கிலோ எடை.

*கவிதா அக்கா, 9:44*
கோர்ட் வேலை இப்போதுதான் முடிந்தது, மேலே முழுக்கப் படித்தேன். தம்பி, ஒரு கேள்வி. லைசென்ஸ் யார் பேருக்கு?

*நான், 9:45*
என் பேருக்குத்தான் அக்கா.

*கவிதா அக்கா, 9:53*
அப்படியானால் நீ ஷிப்டு போகிற மூன்று ராத்திரியும் அது பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். சாவி அம்மாவிடம் இருக்கக் கூடாது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. நீ இல்லாதபோது அம்மா எடுத்தால் அம்மா மேல் வழக்கு வரும். நீ யாருக்காக வாங்குகிறாயோ அவர்கள் பேரில் கலெக்டரிடம் மனு போட வேண்டும், பயிற்சிச் சான்றிதழும் அவர்கள்தான் வாங்க வேண்டும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டு போய் ஒப்படைக்கச் சொல்வார்கள், அந்த நாட்களில் கையில் எதுவும் இருக்காது.

*கார்த்தி டல்லாஸ், 9:55*
பெரியம்மா பேரிலா? இதை நான் யோசிக்கவே இல்லை அக்கா.

*கவிதா அக்கா, 10:02*
சுடுவதற்கும் எல்லை இருக்கிறது. ஐபிசிக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34லிருந்து 44 வரை தற்காப்புப் பிரிவுகள். பொழுது சாய்ந்த பிறகு வீட்டை உடைத்து வருகிறவன், கொள்ளைக்காரன், இவர்களை எதிர்த்து உயிர் போகும் அளவுக்குக் கூடத் தடுக்கலாம். ஆனால் கிணற்று மோட்டார் ஒயரை வெட்டிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட முடியாது. தேவைக்கு மேல் ஒரு அடி கூட அடிக்கக் கூடாது என்று 37ஆம் பிரிவு சொல்கிறது. மாமா, நம்மைப் பிடித்து உள்ளே போடாமல் இருப்பதும் தற்காப்புதானுங்களே.

*மாமா அவிநாசி, 10:08*
முழுக்கச் சரி கண்ணு. அப்போ போர் எது என்கிற பேச்சு என் அக்கா, இவன் அம்மா கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அக்கா, முப்பது வருஷம் பால் கறந்த விரல், மூட்டு வலி இப்போ எப்படி இருக்கிறது? ரிவால்வர் டிரிக்கர் கொஞ்சம் இறுக்கம். ஆறு தடவை இழுக்க முடியாவிட்டால் எந்த போரும் பிரயோஜனம் இல்லை.

*அம்மா, 10:17*
தம்பி எல்லாம் படிச்சேன். காலையில் விரல் மடங்க நேரமாகுது, அப்புறம் சரியாகிடும். பன்னிரண்டு வருஷமாகத் தனியாகத்தான் படுக்கிறேன், பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சிவகிரிக்காரங்க செய்தி கேட்ட அன்று ராத்திரி தூங்கவே இல்லை. நாய் குரைத்தால் எழுந்து விளக்கைப் போடுகிறேன், அவ்வளவுதான் தெரியும்.

*மாமா அவிநாசி, 10:24*
கோயமுத்தூரில் ரைபிள் கிளப்பில் சேர்ந்து பாயின்ட் 22இல் முதலில் கை பழகட்டும். ஒரு மாதம் பார்ப்போம், விரல் ஒத்துழைத்தால் அக்கா பேரில் பாயின்ட் 32க்கு மனு. இல்லை என்றால் அந்தப் பணத்தில் இரும்புக் கதவும், கேமராவும், நல்ல நாய் இரண்டும். எப்படியும் ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன்.

*நான், 10:26*
சரிங்க மாமா. ஷிப்டை மாற்றிக் கொடுப்பார்களா என்று நானும் மேஸ்திரியிடம் கேட்கிறேன்.

*அம்மா, 10:31*
வாங்க தம்பி. வரும்போது நல்ல தாழ்ப்பாள் ஒன்று வாங்கிட்டு வாங்க, மாட்டுக்கொட்டாய்ப் பக்கத்துக் கதவுக்கு. அது ஒரு மாசமாக ஆடிட்டு இருக்குது.