ஒரே நிறுவனத்தின் தளத்தில் சிக்கிய மென்பொருளை வெளியே எடுத்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் மொத்த மருந்து விற்பனை நிலையத்தின் கொள்முதல், இருப்பு, பில்லிங் ஆகிய மூன்றையும் ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அதிகம் நிரல் எழுதாமலே மென்பொருள் அமைக்க உதவும் ஒரு லோ-கோடு தளத்தில் நானே உருவாக்கினேன். இப்போது சந்தா ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டதால் மாறிவிடலாம் என்று பார்த்தபோதுதான், தரவுகளைச் சிஎஸ்வி என்னும் எளிய அட்டவணைக் கோப்புகளாக எடுக்க முடிகிறதே தவிர, காலாவதி எச்சரிக்கை, தள்ளுபடிக் கணக்கு, ஒப்புதல் வரிசை போன்ற விதிகள் எவையும் அத்தளத்தை விட்டு வெளியே வராது என்பது புரிந்தது.

இது புதிய சிக்கலன்று. 1998இல் வெளிவந்த மைக்ரோசாஃப்டின் நிரல்மொழியான விஷுவல் பேசிக் 6இல் எழுதப்பட்ட நிரல்கள், 2002இல் வந்த அதன் அடுத்த பதிப்பான டாட்நெட் பதிப்பில் அப்படியே ஓடவில்லை. செயலிகளுக்குச் சர்வர் வசதி அளித்த, ஃபேஸ்புக் 2013இல் வாங்கிய பார்ஸ் சேவை 2017 ஜனவரியில் மூடப்பட்டது. எனினும் ஓராண்டு அவகாசம் தந்து, சர்வர் நிரலையும் திறமூலமாக வெளியிட்டதால் பலர் தம் செயலிகளைக் காப்பாற்றிக்கொண்டனர். எங்கள் ஒப்பந்தத்தில் அப்படியொரு பிரிவே இல்லை. அதைப் படிக்காமல் கையெழுத்திட்டது என் தவறுதான்.

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம், ஜாங்கோ என்னும் இணையச் செயலிக் கட்டமைப்பு இரண்டையும் கொண்டு மீண்டும் எழுத எண்ணியுள்ளேன். ஏற்றுமதியில் அட்டவணைகளுக்கு இடையிலான தொடர்புகள் அடையாள எண்ணாக இல்லாமல் பெயராக மட்டுமே வருவதால், ஒரே பெயரில் இரு வாடிக்கையாளர்கள் உள்ள இடங்களில் பழைய பில்களை யாருடன் இணைப்பது என்று தெரியவில்லை. இதே நிலையைக் கடந்தவர்கள் அத்தொடர்புகளை எவ்வாறு மீட்டீர்கள், பழையதையும் புதியதையும் எத்தனை மாதங்கள் சேர்த்து ஓட்டினீர்கள் என்பதைத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். சந்தா முடிய நான்கு மாதங்களே உள்ளன.