சென்டினல் சர்வைலன்ஸ்: தமிழில் என்ன எழுதலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸ் பற்றிய பாடத்தில் 'சென்டினல் சர்வைலன்ஸ்' என்ற சொல்லில் சிக்கி நிற்கிறேன். எல்லா மருத்துவமனைகளிலும் கணக்கெடுக்காமல், தேர்ந்தெடுத்த சிலவற்றில் மட்டும், வயிற்றுப்போக்கால் சேர்க்கப்படும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மல மாதிரியை ஆண்டு முழுவதும் விடாமல் சோதிப்பார்கள். எலிசா என்ற ஆய்வகச் சோதனையில் வைரஸ் தென்பட்டால் அதன் வகையையும் பார்ப்பார்கள். நோய் எந்த மாதத்தில் ஏறுகிறது, ரோட்டா தடுப்புச் சொட்டு மருந்து வந்தபின் இறங்கியதா என்பது இதில் தெரியவரும். ஊரில் மொத்தம் எத்தனை பேருக்கு நோய் என்பது தெரியாது. வெறும் 'கண்காணிப்பு' என்று எழுதினால் அந்தத் 'தேர்ந்தெடுத்த சில' காணாமல் போய்விடுகிறது. 'காவல் மையம்' என்றால் போலீஸ் நினைவு வருகிறது. உதவுங்கள்.

செவிலியர் கல்லூரி ஆசிரியை, திருச்சி

—

அம்மா, வணக்கம்.

நம்மிடம் சொல் இருக்கிறது: இதணம். தினைப்புனத்தில் உயர்த்திக் கட்டிய பரண். குறிஞ்சிப் பெண்கள் அதன்மேல் இருந்துதான் கிளி ஓட்டினார்கள். வருவதை முன்கூட்டியே கண்டு குரல் கொடுக்கும் இடம் அது. 'இதண்நோக்கு' என்று எழுதுங்கள். ஒருமுறை விளக்கினால் செவிலியர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

கையோடு 'ரோட்டா வைரஸை'யும் மாற்றிவிடலாம். ரோட்டா என்றால் இலத்தீனில் சக்கரம். 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் குழந்தைகளின் சிறுகுடல் திசுவில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியே கண்ட கிருமி இது. சக்கர வடிவத்தால் அந்தப் பெயர் பெற்றது. சக்கரத்துக்கு நம்மிடம் ஆழி, திகிரி, நேமி என்று மூன்று சொற்கள் உண்டு. ஆழி கடலையும் குறிக்கும், நேமியில் வடமொழி வாடை. ஆகவே 'திகிரி நச்சுயிரி'.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

—

ஐயா, உங்கள் தமிழ்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தடுப்பூசி அட்டையில் 'ரோட்டா' என்றே இருக்கிறது. 6, 10, 14 வாரங்களில் குழந்தைக்குச் சொட்டு கொடுக்கிறோம். 2017இல் இது தமிழ்நாட்டுக்கு வந்தது முதல் தாய்மார்கள் 'ரோட்டா சொட்டு' என்றுதான் கேட்கிறார்கள். செவிலியர் 'திகிரி' என்றால் அந்தத் தாய் வேறு ஏதோ மருந்து என்று நினைத்துக்கொள்வார். ஒரு தவணை தவறினாலும் இழப்பு குழந்தைக்குத்தான்.

இதணத்திலும் பொருள் பிசகுகிறது. பரணில் நிற்பவருக்குப் புனம் முழுவதும் தெரியும். இந்த மருத்துவமனைகளுக்கு அப்படித் தெரியாது. வீட்டிலேயே உப்பு சர்க்கரைக் கரைசல் குடித்துத் தேறிய குழந்தை இந்தக் கணக்கில் வராது. சொட்டு மருந்துக்கு முன்பு, இந்தியாவில் கடும் வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்ந்த சிறு குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் இருவருக்கு ரோட்டா என்று கண்டதும் இத்தகைய மையங்களின் வழியேதான். அது சேர்க்கப்பட்டவர்களின் கணக்கு, ஊரின் கணக்கு ஆகாது.

குழந்தைகள் நல மருத்துவர், மதுரை

—

வணக்கம். 'கண்காணிப்பு' என்ற சொல்லையே நீங்கள் எல்லோரும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணி என்றால் யார் என்று தெரியும்தானே? எங்கள் பாட்டன் பாட்டியரைக் கடன்கட்டி அழைத்துவந்து, கொழுந்துக் கூடையை நிறுத்து, அன்றைய கூலிக்குப் பேர் போட்டவர். கண்காணி என்ற சொல்தான் கங்காணி ஆயிற்று. லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்கு, வந்து "உங்கள் பிள்ளையின் வயிற்றோட்டத்தைக் கண்காணிக்கிறோம்" என்றால் எங்கள் ஆட்கள் கதவைச் சாத்துவார்கள். நாங்கள் 'அவதானிப்பு' என்போம்.

சுகாதாரக் கல்வியாளர், ஹட்டன்

—

வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கங்காணிகளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. கல்வெட்டுகளில் கோயில் அறத்தைக் காத்தவர்கள் மாகேசுவரக் கண்காணி செய்தவர்கள். திருமூலர் இறைவனையே கண்காணி என்கிறார்.

இன்னொரு வழியும் உண்டு: ஒற்று. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை வேறோர் ஒற்றனால் சரிபார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். நம் நாட்டு நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் எஸ், பி, எல் படிவங்களைப் பாருங்கள். களப்பணியாளரின் சந்தேகம், மருத்துவரின் கணிப்பு, ஆய்வகத்தின் உறுதி என்று அதே ஏற்பாடு. 'நோயொற்று' எப்படி?

கல்வெட்டு ஆய்வு மாணவர், சென்னை

—

'நோயொற்று' அழகான சொல், வார்டில் ஆபத்தான சொல். மாதிரி எடுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். இருபத்துநான்கு மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் நீராகப் போய், கண் குழிந்து கிடக்கிறது குழந்தை. அதன் துணியிலிருந்து சிறிது மலத்தை டப்பாவில் எடுத்துத் தரும்படி செவிலியர் கேட்கிறார். "எதற்கு?" என்கிறார் தாய். அந்த இடத்தில் ஒற்று, வேவு என்று ஒரு சொல் காதில் விழுந்தால் டப்பா திரும்பி வராது.

மருத்துவர், மதுரை

—

அனைவருக்கும் நன்றி. 'தேர்வு மையக் கண்காணிப்பு' என்று எழுதிப் பார்த்தேன். பரீட்சை நடக்கும் இடமாகிவிட்டது. 'தேர்மையம்' என்ற வினைத்தொகையைப் படித்த மாணவி தேர் நிற்கும் இடமா என்று கேட்டாள். 'மாதிரி மையம்' என்றால் முன்மாதிரி மையம் என்றும் படலாம். தேர்ந்தெடுப்பதற்கு இலங்கையில் வழங்கும் 'தெரிவு' என்ற சொல் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. 'தெரிவுமையக் கண்காணிப்பு' என்று போடுகிறேன். தாயிடம் பேசும் பகுதியில் கலைச்சொல்லே இல்லை; "எந்தக் கிருமியால் இப்படி ஆகிறது என்று பார்க்கிறோம்" என்று மட்டும் இருக்கும்.

திருச்சி

—

முடிவு செய்துவிட்டீர்கள், நானும் தடுக்கவில்லை. 'இதணம்' என்ற சொல்லை அடிக்குறிப்பிலாவது சேருங்கள். 'அவதானிப்பு' வடசொல் என்பதையும் பதிவு செய்கிறேன்.

தஞ்சாவூர்

—

தெரிவு எங்கள் சொல், மகிழ்ச்சி. ஆனால் கையேட்டை மலையகத்துக்கு எடுத்துக்கொண்டால் 'தெரிவுமைய அவதானிப்பு' என்று மாற்றித்தான் அச்சிடுவோம். வடசொல்லானாலும் அதைக் கேட்டு எங்கள் ஊரில் யாரும் கதவைச் சாத்தமாட்டார்கள்.

ஹட்டன்