டியூஷன் கட்டணம் கட்டியாச்சு என்கிறார்கள், கணக்கில் காணோம்: காரணம் என்ன?

சாட்ஸ்வர்த்_கணக்கு டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் கிரேட் 10 முதல் 12 வரை இணையத்தில் கணக்கு சொல்லித்தருகிறேன், மாதம் 500 ராண்ட். பாதிப் பேர் கேட்வே (கார்டு பணத்தை வாங்கி நமக்கு அனுப்பும் நிறுவனம்) லிங்கில் கார்டு போட்டுக் கட்டுகிறார்கள். மீதிப் பேர் வங்கி ஆப்பிலிருந்து இஎஃப்டி, அதாவது கணக்கிலிருந்து கணக்குக்குப் பணமாற்றம். கேட்வேயின் டாஷ்போர்டில் உடனே "வெற்றி" என்று காட்டுகிறது, ஆனால் பணம் வருவதற்கு நாளாகிறது. புனித வெள்ளிக்கு முந்திய வியாழன் இரவு அனுப்பிய இஎஃப்டி எப்போது சேரும்? கேட்வேயிலிருந்து வரும் தொகையும் குறைகிறது, பலருடையது ஒன்றாக வருவதால் யார் கட்டியது என்று பிரிக்கவும் முடியவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_பேமெண்ட்ஸ்

வணக்கம் டீச்சர். முதலில் இஎஃப்டி. பெற்றோர் அனுப்பியதும் அவர் கணக்கில் பணம் கழிந்துவிடும், ஆனால் அப்போதே உங்கள் வங்கிக்குப் போகாது. அவர் வங்கி பல பேமெண்டுகளைத் தொகுப்பாகச் சேர்த்து கிளியரிங்குக்கு (எந்த வங்கி எதற்கு எவ்வளவு தர வேண்டும் என்று கணக்கிடும் இடம்) அனுப்பும். வங்கிகளுக்கிடையிலான கணக்கு தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கியின் சேமாஸ் என்ற தீர்வு அமைப்பில் தீரும். ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு கட்-ஆஃப் நேரம் உண்டு, அதைத் தாண்டினால் அடுத்த வேலை நாள் கணக்குதான். இருவருக்கும் ஒரே வங்கி என்றால் பெரும்பாலும் உடனே சேரும்.

நீங்கள் சொன்ன வியாழன் இரவுப் பணத்தைப் பாருங்கள். வெள்ளி விடுமுறை. சனி, ஞாயிறை நம்பக் கூடாது. திங்கள் ஃபேமிலி டே, அதுவும் அரசு விடுமுறை. செவ்வாய்தான் முதல் வேலை நாள், எனவே செவ்வாய் அல்லது புதன். டிசம்பர் 25, 26 வாரமும் இப்படித்தான். தீபாவளி இங்கே அரசு விடுமுறை இல்லை, வங்கி வழக்கம்போல் நடக்கும், அன்றைக்குத் தாமதமானால் காரணத்தை வேறெங்காவது தேடுங்கள்.

கார்டு விஷயம் வேறு. "வெற்றி" என்றால் கார்டு கொடுத்த வங்கி அந்தத் தொகையை ஒதுக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பிறகு கிளியரிங், பிறகு கேட்வேயின் வங்கிக்கு, அங்கிருந்து கேட்வேக்கு, கடைசியில் கேட்வே உங்களுக்கு அனுப்பும் பேஅவுட். அந்தக் கடைசிக் கட்டமும் பல இடங்களில் சாதாரண இஎஃப்டிதான். அதனால் நடுவில் விடுமுறை வந்தால் இரண்டு இடத்தில் இழுக்கும். டாஷ்போர்டில் "பரிவர்த்தனை" பக்கத்தை விட்டுவிட்டு "பேஅவுட்" பக்கத்தைத் திறந்து, பேஅவுட் தேதியிலிருந்து எண்ணுங்கள்.

ஃபீனிக்ஸ்_புக்கீப்பர்

தொகை குறைவது கேட்வே பிடிக்கும் கமிஷனால். கமிஷன் மேல் 15% வாட் (மதிப்புக் கூட்டு வரி) உண்டு. கமிஷன் 2.9% என்று வைத்துக்கொண்டால் 500க்கு 14.50, வாட் 2.18, கைக்கு வருவது 483.32. உங்கள் ஒப்பந்தத்தில் எத்தனை சதவீதம் என்று பார்த்து இதேபோல் போட்டுப் பாருங்கள். கணக்குப் புத்தகத்தில் வரவு 500 என்றும், கமிஷனைத் தனிச் செலவாகவும் எழுத வேண்டும். வந்த 483ஐ மட்டும் வரவாக எழுதினால் வரி சமயத்தில் எதுவும் ஒத்துப்போகாது.

பெயரை வைத்துப் பிரிக்கப் பார்க்காதீர்கள். டர்பனில் ஒரே வகுப்பில் நாயுடு, பிள்ளை, கவுண்டர், மூட்லி எத்தனை பேர்! ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு குறியீடு கொடுங்கள், "க11-07-மே" மாதிரி. இஎஃப்டி ரெஃபரன்ஸ் கட்டத்தில் அதை மட்டும் போடச் சொல்லுங்கள். கேட்வேக்கு ஆளுக்கொரு லிங்க் அனுப்பி, பேஅவுட் அறிக்கையை இறக்கி வரிவரியாக ஒத்துப்பாருங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_பேமெண்ட்ஸ்

இன்னொன்று, டீச்சர். டெர்ம் முழுக்க முன்பணம் வாங்கினால் கேட்வே ஒரு பகுதியை நிறுத்தி வைக்கலாம். வகுப்பு நடக்காவிட்டால் கார்டுக்காரர் பணத்தைத் திரும்பக் கேட்பார், அது பல வகை முறையீடுகளில் 120 நாள் வரை நடக்கலாம் என்பதால்தான். வங்கிக் கணக்கை மாற்றினாலும் சரிபார்ப்பு முடியும்வரை பேஅவுட் நிற்கும், மாத நடுவில் மாற்றுங்கள், 25ஆம் தேதி சம்பள நேரத்தில் வேண்டாம்.

சாட்ஸ்வர்த்_கணக்கு டீச்சர்

மிக்க நன்றி. உடனே சேர வழி உண்டா? பிடிஎஃப் ரசீதை வைத்துப் பிள்ளையை வகுப்பில் சேர்க்கலாமா?

ஃபீனிக்ஸ்_புக்கீப்பர்

ரசீதை மட்டும் நம்பாதீர்கள். போலி பிடிஎஃப் செய்வது சுலபம், பின் தேதிக்குப் போட்ட பேமெண்டை அனுப்பியவரே அதற்குமுன் ரத்துசெய்ய முடியும். உங்கள் ஆப்பில் "அவைலபிள் பேலன்ஸ்" ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்த குடும்பமென்றால் மூன்று வேலை நாள் சலுகை கொடுங்கள், பிள்ளையின் வகுப்பு கெடாது.

உடனே சேர பேஷாப் என்ற உடனடிப் பணமாற்ற வசதி இருக்கிறது. 2023 மார்ச்சில் வந்தது, விடுமுறையிலும் ஓடும். ஆரம்பத்தில் 3,000 ராண்ட் உச்சவரம்பு, 2024இல் 50,000 ஆனது. பெற்றோரின் ஆப்பில் அவர் வைத்த வரம்பு அதைவிடக் குறைவாக இருக்கலாம். உங்கள் மொபைல் எண்ணை உங்கள் வங்கியில் ஷாப் ஐடியாக (கணக்கு எண்ணுக்குப் பதில் கொடுக்கும் பேஷாப் அடையாளம்) பதிந்துகொள்ளுங்கள். வங்கி கட்டணம் பிடித்தால் அது அனுப்புகிறவர் தலையில் விழும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கணக்கு எண்ணைத் தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப்பில் காப்பி செய்யும்படி அனுப்புங்கள். சாதாரண இஎஃப்டி எண்ணைப் பார்த்துத்தான் போகும், பெயரைப் பார்த்து நிற்காது. வேறொருவர் கணக்கில் விழுந்தால் அவர் சம்மதமில்லாமல் வங்கியால் திருப்ப முடியாது.