‘கட்டுமானப் பொருள்’ வேண்டாமே!

நண்பர்களே,

ஆலையில் வாயுவைத் தள்ளும் ஊதிகளின் (புளோயர்) விவரத்தாளில் ‘மெட்டீரியல் ஆஃப் கன்ஸ்ட்ரக்ஷன்’ என்று ஒரு வரி இருக்கும். பட்டறையில் சுருக்கமாக எம்.ஓ.சி. ஊதி எதனால் செய்தது என்று சொல்லும் வரி அது. அதற்குத் தமிழ்ச் சொல்லாக நம் குழுவின் போன மடலில் ‘கட்டுமானப் பொருள்’ என்று வந்திருந்தது. படித்ததும் எனக்குச் செங்கல்லும் ஜல்லியும்தான் கண்ணில் நின்றன.

அதற்கே அடுத்து ஒருவர் சொன்ன ‘அரிப்புத்தாங்கு பொருள்’ நல்ல தமிழ்தான். ஆனால் கெடுவதெல்லாம் அரித்துத்தான் கெடுகிறதா? முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், அம்மோனியா போகும் ஊதியில் பிரஷர் கேஜ் (அழுத்தமானி) மாட்டும் இடத்தில் யாரோ பித்தளை நிப்பிளை, அதாவது மரை வெட்டிய குட்டிக் குழாயை, போட்டுவிட்டார்கள். கழற்றிப் பார்த்தால் மரை புதுசு போல இருந்தது. தேயவில்லை, கரையவில்லை. நகத்தால் நெருடினால் மட்டும் தட்டுப்படுகிற மாதிரி, மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். ஈரமும் காற்றும் கலந்த அம்மோனியா பட்டால், முறுக்கி இறுக்கிய பித்தளை இப்படித்தான் கீறும். மீத்தேன் போகும் ஊதியிலோ கவலையே வேறு. உள்ளே சுழன்று வாயுவைத் தள்ளும் இம்பெல்லர், வெளி உறையில் உரசினாலும் பொறி பறக்கக் கூடாது. அலுமினியத்தைத் தேடிப் போவது அதற்காகத்தான். (துருப்பிடித்த இரும்பில் உரசினால் அதே அலுமினியம் பொறி கக்கும் என்பது தனிக்கதை.)

குளோரினைப் பாருங்கள். உப்புநீரை மின்பகுத்துக் குளோரின் எடுக்கும் ஆலையில், மின்பகுப்புக் கலத்தை விட்டு வரும்போது அது ஈரமாக இருக்கும். எஸ்.எஸ். 316 என்கிற துருப்பிடிக்காத எஃகுகூட அதன்முன் நிற்காது, டைட்டானியம் நிற்கும். அதையே கந்தக அமிலக் கோபுரத்தில் உலர்த்தி எடுத்தால் கதை தலைகீழ். உலர்ந்த குளோரினில் டைட்டானியம் பற்றி எரியும். சாதாரண எஃகோ, சூடு 120 டிகிரி செல்சியஸைத் தாண்டாதவரை சமாளித்துவிடும். ஒரே ஆலை, ஒரே வாயு, நடுவில் ஒரு கோபுரம். அவ்வளவுதான்.

ஆகவே இரண்டு சொல் வேண்டும் என்பது என் கட்சி. எதனால் செய்தது என்பதற்கு ‘ஆக்கப்பொருள்’. அது அந்த வாயுவைத் தாங்குமா என்பதற்கு ‘ஒவ்வுமை’. ‘இணக்கம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ அது மென்பொருள்காரர்களிடமே இருக்கட்டும் என்று தோன்றுகிறது. கத்தரிக்காய் ஒவ்வாது என்று வீட்டில் சொல்கிறோமே, அதே வினைதான் இங்கேயும். ‘ஒவ்வாமை’ அலர்ஜியை நினைவூட்டுமே என்றால், நினைவூட்டட்டும், பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஒன்று மட்டும்: ‘குளோரினுக்கு ஒவ்வும்’ என்று மொட்டையாக எழுதக் கூடாது. ‘ஈரக் குளோரினுக்கு ஒவ்வும் ஆக்கப்பொருள்: டைட்டானியம்’ என்று வாயுவின் நிலையையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அப்புறம், இம்பெல்லருக்கு ‘உந்தி’ என்றவருக்கு: சொல் கச்சிதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘உந்தியில் விரிசல்’ என்று அறிக்கை போனால் தொப்புளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். ‘சுழலி’ போதாதா?